பூனை முடிச்சு

பழைய கார்களை உடைத்து உதிரி பாகம் விற்கும் அந்தக் கொட்டகையில் அவளுக்குப் பூனைக்கா என்று பெயர். வைத்தவர் கேஸ் கட்டர் பிடிக்கிறவர்; அவரையே கட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒருநாள் அவர் குனிந்து ஒரு காரின் அடித்தட்டை அறுத்துக்கொண்டிருந்தார். அவள் எப்போது பின்னால் வந்து நின்றாள் என்று தெரியாமல் திரும்பியவர், கையிலிருந்த தீயோடு துள்ளிவிட்டார். "ஏங்க்கா, வரும்போது ஒரு இருமலாச்சும் இருமிட்டு வரக் கூடாதா? நீங்க நடக்குறது பூனைக்கே கேக்காது" என்றார். அவள் கையால் வாயை மூடிச் சிரித்துக்கொண்டு போய்விட்டாள். அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. அண்ணன் ஒரே ஒரு விபத்துக் காரோடு இந்தத் தொழிலைத் தொடங்கியபோது அவள் ஏழாம் வகுப்பில் இருந்தாள். கழற்றிய சாமான்களைக் கழுவ ஓர் ஆள் வேண்டியிருந்தது. "படிச்சது போதும்தானே?" என்று அப்பா கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். போதும் என்று ஆட்டினாளா, போதாது என்று ஆட்டினாளா என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை. மறுநாள் அவள் கையில் மண்ணெண்ணெய்த் தட்டும் பிரஷ்ஷும் இருந்தன. பத்து வருடம் கழித்து, ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்து போன மாலையில் அம்மா கேட்டபோதும் அதே மாதிரிதான் ஆட்டினாள். அம்மா அதை வேண்டாம் என்று எடுத்துக்கொண்டாள். உண்மையில் அவளுக்கு அந்த மாப்பிள்ளையின் காது பிடித்திருந்தது. காது பிடித்திருக்கிறது என்று பெற்றவளிடம் எந்தப் பெண் சொல்வாள்?

வாய்க்குச் சேர வேண்டியதும் சேர்ந்து அவள் கண்ணுக்குப் போயிருக்க வேண்டும். எந்த ஸ்குரூ எந்த வண்டியில் இருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். கழுவும்போது உடைசல் தெரியும், விரிசல் தெரியும், யாரோ பற்றவைத்து மறைத்த தையல் தெரியும். ஆனால் அவள் பெயர் கொட்டகைக்கு வெளியே பரவியதற்குக் காரணம் பின் அச்சுக் கியர்கள்தான்.

பின் அச்சின் வயிற்றுக்குள் இரண்டு பல்சக்கரங்கள் இருக்கும். சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் பெரியது கிரவுன். அதைக் கடித்துக்கொண்டு ஓடும் சின்னது பினியன், ஒரு குட்டைத் தண்டோடு சேர்ந்தது. எஞ்சினிலிருந்து வரும் சுழற்சியைச் சக்கரங்களின் பக்கம் திருப்பிவிடுவது இவை இரண்டும்தான். ஆரம்பத்தில் அண்ணன் கிரவுன்களை ஒரு குவியலாகவும் பினியன்களை ஒரு குவியலாகவும் போட்டு வைத்திருந்தான். பல்லை எண்ணி, ஒரே மாடலா என்று பார்த்து, ஒன்றை எடுத்துக் கொடுப்பான். வாங்கிப் போனவர்களில் சிலர் மறுவாரமே திரும்பி வந்து, வண்டி நாய் மாதிரி ஊளையிடுகிறது என்று சண்டை போட்டார்கள். சிலர் வரவே இல்லை. யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்று அவள் கவனித்தாள். திரும்பி வந்தவற்றைக் கழுவும்போது, கிரவுனின் முதுகில் ஊசியால் கீறியது போல ஓர் எண்ணும் பினியனின் முனையில் ஓர் எண்ணும் இருப்பதைப் பார்த்தாள். திரும்பி வந்த ஜோடிகளில் இரண்டு எண்ணும் வேறு வேறு. அச்சிலிருந்து அப்போதுதான் கழற்றிய ஜோடிகளில் இரண்டும் ஒன்று.

தொழிற்சாலையில் ஒன்றோடு ஒன்றைத் தேய்த்து ஓடவிட்டு, இது இதற்குத்தான் என்று எண் போட்டு அனுப்புகிறார்கள் என்பது பிறகு ஒரு மெக்கானிக் வாயிலிருந்து வந்தது. அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து, அச்சைப் பிரித்த உடனே கிரவுனின் போல்ட் ஓட்டையில் கட்டுக்கம்பியை நுழைத்து, பினியனின் கழுத்தைச் சுற்றி, மூன்று முறுக்கு முறுக்கி, கையில் குத்தாதபடி முனையை உள்ளே மடக்கிவிட ஆரம்பித்தாள். ஊளைச் சண்டைகள் நின்றுபோயின. "பூனை முடிச்சு போட்டதா? அப்ப கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போ" என்று மெக்கானிக்குகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அதை அண்ணன் தன் சாமர்த்தியமாகச் சொல்லிக்கொண்டான். அவளுக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை.

சாம்பல் நிறக் காரை வாடகைக்கு ஓட்டுகிற ஒருவர் வர ஆரம்பித்தது அப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில். கொட்டகையில் அவரைச் சாம்பல்காரர் என்பார்கள். அவருடைய கார் உற்பத்தி நின்று பல வருடமான மாடல். புதுக் கியர் எங்கும் கிடையாது. பின் அச்சில் பல் தேய்ந்து, மேடு ஏறும்போது வழுக்குகிறது என்றார். அந்தக் காரை அவர் வைத்திருந்த விதத்தை அவள் பார்த்திருக்கிறாள். இருக்கைகளுக்கு வெளுத்த உறை, பின் கண்ணாடியில் ஒரு கைரேகை கிடையாது. சொந்தமாக அவருக்கு இருந்தது அந்தக் கார் ஒன்றுதான். மருத்துவமனைக்குப் போகும் வயசானவர்கள், ரயிலுக்குப் போகும் குடும்பங்கள் என்று சில வாடிக்கை வீடுகள் இருந்தன. அது நின்றால் அடுத்தவர் வண்டிக்கு ஸ்டியரிங் பிடிக்கப் போக வேண்டும், இந்த வயதில் அதைவிடக் கஷ்டம் வேறு இல்லை என்று கட்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தது அவள் காதில் விழுந்தது.

அவர் எட்டு ஒன்பது தடவை வந்திருப்பார். ஒவ்வொரு முறையும் அண்ணன், அடுத்த வாரம் பாருங்கள் என்று அனுப்பினான். ஒருநாள் கவுண்டருக்குப் பக்கத்துச் சுவரில், ஸ்விட்ச்சுக்குக் கீழே, தன் போன் நம்பரைப் பென்சிலால் பெரிதாக எழுதி வைத்துவிட்டுப் போனார். கிடைத்தால் எந்த நேரமானாலும் கூப்பிடச் சொன்னார்.

கடைசியில் அந்த மாடலில் ஒன்றல்ல, இரண்டு செட் கிடைத்தது. ஒரே லாரியில் வந்த இரண்டு கார்கள். அவள் கழுவி, எண் பார்த்து, முடிச்சுப் போட்டு அலமாரியில் வைத்தாள். ஒன்று முந்நூற்றுப் பதினேழு, இன்னொன்று அறுநூற்று இரண்டு. அண்ணன் போன் பண்ணுவதற்குள், அன்று மத்தியானமே, துருப்பிடித்த கால் ஒடிந்து அலமாரி குப்புற விழுந்தது. அடியில் யாரும் இல்லை என்பதே பெரிய புண்ணியம். ஆனால் மேலே இருந்து ஒரு எஞ்சின் பிளாக் விழுந்ததில் கம்பிகள் அறுந்து கியர்கள் சிதறின. அறுநூற்று இரண்டின் கிரவுனில் மூன்று பல் போய்விட்டது. முந்நூற்றுப் பதினேழின் பினியனைக் காணவில்லை. இரண்டு நாள் அவள் மண்ணைக் கிளறித் தேடினாள்.

மூன்றாம் நாள் சாம்பல்காரர் வந்து நின்றார். அண்ணன் மிஞ்சியிருந்த கிரவுனையும் மிஞ்சியிருந்த பினியனையும் எடுத்து அவள் முன்னால் வைத்தான். "கட்டிக் குடு" என்றான்.

அவள் இரண்டின் எண்ணையும் திருப்பிப் பார்த்தாள்.

"ஒரே மாடல், பல்லு கணக்கும் சரியா இருக்கு. பாவம், அந்த மனுஷன் எத்தன தடவ அலைவாரு?" என்று அவன் குரலைத் தாழ்த்திச் சொன்னான். அவன் ஏமாற்ற நினைத்துச் சொல்லவில்லை. அவனுக்கு உண்மையாகவே அவர் மேல் இரக்கம். எண் எல்லாம் அவள் கிறுக்கு என்றுதான் அவன் உள்ளுக்குள் இன்னும் நினைத்திருந்தான்.

அவள் கம்பியை நுழைத்தாள். மூன்று முறுக்கு. முனையை உள்ளே மடக்கினாள். ஜோடி இல்லை என்று இரண்டே வார்த்தை. அவரைப் பார்த்துச் சொன்னால் போதும். அண்ணன் பக்கத்தில் நின்றான், கட்டர் தீயை அணைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார், வேறு இரண்டு பேர் கவுண்டரில் இருந்தார்கள். அத்தனை பேருக்கு முன்னால் அண்ணன் பேச்சை வெட்டி அவள் ஒரு நாளும் பேசியதில்லை.

சாம்பல்காரர் கியரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். போகப் போனவர் நின்று, அண்ணனைத் தாண்டி அவளைப் பார்த்துக் கேட்டார். "நீங்க பார்த்துக் கட்டினதுதானேக்கா?"

அவள் தலையை ஆட்டினாள்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. பச்சைக் குழந்தையைத் தூக்குவது போல அதை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார். கட்டர் பின்னாலிருந்து, "பாத்துப் போங்க, இடுப்புல ஒரு தொட்டில கட்டிக்கங்க" என்று கிண்டல் பண்ணினார். எல்லோரும் சிரித்தார்கள். அவள் மண்ணெண்ணெய்த் தட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து, கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் வீட்டில், மாவு டின்னைத் திறக்கப் போனபோது மூடியின் மேல் பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு கனம் இருந்தது. எலி மூடியைத் தள்ளிவிடுகிறது என்று அண்ணி எதையோ வைத்திருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தாள். பையைப் பிரித்தாள். முனையைத் துடைத்தாள். முந்நூற்றுப் பதினேழு.

அலமாரி விழுந்த அன்று வீட்டு வாசல் வரை உருண்டு வந்து கிடந்ததாம். உடைந்த சாமான்தானே என்று அண்ணி எடுத்துவந்து, கிரீஸ் படக் கூடாது என்று சுத்தமாகச் சுற்றி வைத்திருக்கிறாள். அந்தச் சுத்தத்தால் அதில் ஒரு பொட்டுத் துரு இல்லை. அவள் விஷயத்தைச் சொன்னதும் அண்ணி மாவு டின்னை மூடினாள். "வண்டி ஓடிக்கிட்டுத்தானே இருக்கு? தூங்குறதத் தட்டி எழுப்புவானேன்?" என்றாள். பிறகு, எலிக்கு வேறு கனம் தேட வேண்டுமே என்று அலுத்துக்கொண்டாள்.

மூன்று வாரம் என்றால் பற்கள் இன்னும் கெட்டிருக்காது. இப்போது மாற்றினால் பிழைத்துவிடும். அவளுக்கு அது தெளிவாகவே தெரிந்தது. போன் கவுண்டரில் இருந்தது, நம்பர் சுவரில் இருந்தது. அண்ணன் சாப்பிடப் போகும் நேரத்தில் போனை எடுத்து ஒன்பது எண் அழுத்துவாள். பத்தாவதற்கு முன்னால் விரல் நின்றுவிடும். என்னவென்று ஆரம்பிப்பது? யார் பேசுகிறது என்று கேட்டால் என்ன சொல்வது? அன்றைக்கு ஏன் தலையை ஆட்டினாய் என்று கேட்டால்? சத்தம் வந்தால் அவரே வருவார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வந்ததும் இதைக் கையில் கொடுத்துவிட வேண்டும். எண்ணெயில் நனைத்த துணியில் பினியனைச் சுற்றி, தன் பிரஷ்கள் இருக்கும் மரப்பெட்டியில் வைத்தாள்.

அவர் வரவில்லை. வராதது நல்லதுக்குத்தான், வண்டி சத்தமில்லாமல் ஓடுகிறது போலிருக்கிறது என்று ஒரு மாதம் நம்பினாள். இரண்டாவது மாதம் நம்புவதற்கு முயற்சி செய்ய வேண்டியிருந்தது. பிறகு பெட்டியைத் திறக்கும்போது அந்தத் துணி மூட்டையைப் பார்க்காமல் பிரஷ்ஷை எடுக்கக் கற்றுக்கொண்டாள்.

ஐந்து மாதம் போயிருக்கும். ஒரு காலை, தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டது. முதலில் சன்னமாக, பிறகு வண்டி வேகம் கூட்டக் கூட்ட மேலே ஏறி, வேகம் குறைத்ததும் தொண்டை கட்டியது போல இறங்கியது. காரைப் பார்ப்பதற்கு முன்பே அது எந்தக் கார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கையிலிருந்த பிரஷ் தட்டில் விழுந்தது.

சாம்பல்காரர் காரைக் கொட்டகைக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். பழுது பார்க்க வரவில்லை. உடைக்கக் கொடுக்க வந்திருந்தார். இருக்கையின் வெளுத்த உறைகள் கழற்றப்பட்டிருந்தன. ஒரு கம்பெனியில் ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டச் சேர்ந்துவிட்டதாக அண்ணனிடம் சொன்னார். வாடிக்கை வீடுகள் ஒவ்வொன்றாகக் கழன்றுபோயின. கைக்குழந்தை முழித்துக்கொள்கிறது என்று ஒரு வீடு. தலைவலி என்று இன்னொரு வீடு. மருத்துவமனைக்குப் போகும் பெரியவர் மட்டும் கடைசிவரை வந்தார், அவருக்குக் காது கேட்காது. சொல்லிவிட்டுச் சாம்பல்காரரே சிரித்தார்.

அவளைப் பார்த்ததும் பக்கத்தில் வந்தார். கோபமாக வரவில்லை.

"என்னென்னவோ மாத்திப் பார்த்தாச்சுக்கா. பேரிங்கு மாத்தினேன், டயர் மாத்தினேன், நடுத்தண்டு மாத்தினேன். மெக்கானிக்கு கியரைப் பிரிச்சுப் பாத்துடலாம்னு தலையால அடிச்சுக்கிட்டாரு. நான்தான் விடல. அது அந்தக்கா பார்த்துக் கட்டினது, அதுல தப்பு இருக்காது, வேற எங்கயாச்சும் பாருன்னுட்டேன்."

அவள் மரப்பெட்டியிடம் போனாள். துணி மூட்டையை எடுத்துவந்து, அவர் முன்னால் பிரித்துவைத்தாள். அவரிடம் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"இதுதான் அதோட ஜோடி. அன்னிக்கு நான் கட்டினது ஜோடி இல்ல. எனக்குத் தெரியும்."

அவர் பினியனைக் கையில் எடுத்து, முனையைத் திருப்பி எண்ணைப் பார்த்தார். கட்டர் தீயை அணைத்தார்.

"இது எப்பக் கெடச்சது?"

"நீங்க வாங்கிட்டுப் போன மூணாவது வாரம்."

அண்ணன் கவுண்டரிலிருந்து எழுந்து வந்து, கட்டச் சொன்னது நான்தான், அவள் மேல் தப்பில்லை என்றான். சாம்பல்காரர் அவனைப் பார்க்காமலேயே, நீங்கள் வியாபாரம் பண்ணுகிறவர், நான் கேட்டது இவரிடம் என்றார். பிறகு அவர் கண்கள் சுவருக்குப் போயின. ஸ்விட்ச்சுக்குக் கீழே அவருடைய பென்சில் எழுத்து அழியாமல் அப்படியே இருந்தது.

"பேச வராதுன்னா பேச வேணாம்க்கா" என்றார் மெதுவாக. "ஒரு மிஸ்டு கால் குடுத்திருந்தா போதுமே. நான் ஓடி வந்திருப்பேனே."

பினியனைத் துணியின் மேலேயே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போனார். வாசலில் ஒரு தடவை காரைத் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் கட்டர் பின் அச்சை இறக்கி அவளிடம் தள்ளினார். அவள் மூடியைத் திறந்தாள். கறுத்த எண்ணெயில் இரும்புத் தூள் மினுமினுத்தது. கிரவுனைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்தாள். ஒவ்வொரு பல்லின் ஓரமும் வேறொரு பல்லின் வடிவத்துக்குத் தின்னப்பட்டிருந்தது. முந்நூற்றுப் பதினேழு பினியனை எடுத்து அதன்மேல் பொருத்திப் பார்த்தாள். எண்ணும் எண்ணும் ஒன்று. பல்லும் பல்லும் சேரவில்லை. இனி எந்தக் காலத்திலும் சேராது.

கட்டர் கட்டுக்கம்பிச் சுருளை நீட்டினார்.

"வேணாம். தனித்தனியா இரும்புக் குவியல்ல போட்டுடுங்க" என்றாள். கவுண்டர் வரை கேட்கும்படி சொன்னாள். அண்ணன் தலையை நிமிர்த்தவில்லை.

அதற்குப் பிறகு, ஜோடி தவறிய கியர் எதையாவது அண்ணன் அவள் பக்கம் நகர்த்தினால், அவள் வாங்க வந்தவரைப் பார்த்தே ஜோடி இல்லை என்று சொல்லிவிடுகிறாள். முதல் தடவை அதை இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. அண்ணன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். பிறகு அவனே நகர்த்துவதை விட்டுவிட்டான். இவ்வளவு லேசான காரியமா இது என்று நினைக்கும்போதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கஷ்டமான காரியமாக இருந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஒரு மத்தியானம் அண்ணன் சாப்பிடப் போயிருந்தான். அவள் சுவரைப் பார்க்காமலேயே பத்து எண்ணையும் அழுத்தினாள். மறுமுனையில் இரண்டு முறை மணி அடித்ததும் வைத்துவிட்டாள். போனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, அது அடித்தது.

"சொல்லுங்கக்கா" என்றார். கொட்டகை நம்பர் அவருக்குத் தெரிந்திருக்கிறது. பின்னால் ஒரு வேனின் எஞ்சின் சத்தம். ஒழுங்கான, ஊளை இல்லாத சத்தம்.

"அன்னிக்கு நான் தலையாட்டியிருக்கக் கூடாது" என்றாள்.

மறுமுனையில் யாரோ வேனில் ஏறிக் கதவை இழுத்துச் சாத்தினார்கள்.

"ம்" என்றார். பிறகு, ஆட்கள் ஏறிவிட்டார்கள், வைக்கிறேன் என்று வைத்துவிட்டார்.

அந்த 'ம்' போனால் போகட்டும் என்கிற 'ம்'மா, ஆமாம், ஆட்டியிருக்கக் கூடாதுதான் என்கிற 'ம்'மா, அவளுக்குத் தெரியவில்லை. திருப்பிக் கூப்பிட்டுக் கேட்கலாம். கேட்கவில்லை. கவுண்டருக்கு ஒருவர் வந்து நின்று, பழைய மாடல் ஒன்றுக்குப் பின் அச்சுக் கியர் இருக்குமா என்று கேட்டார். "கிரவுன் இருக்கு, அதோட ஜோடி இல்ல" என்றாள். அவர் நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடையைப் பார்த்து நடந்தார்.